சாட்சிக் கூண்டில் ஒரு பழைய படம்

1840 அக்டோபரில் இப்போலித் பயார் என்ற பிரெஞ்சுக்காரர் தன் பிணத்தைத் தானே படம் எடுத்தார். இடுப்புவரை துணி போர்த்தி, கண்மூடிச் சாய்ந்து கிடக்கும் ஓர் உடல். படத்தின் பின்புறம் அவர் கைப்பட எழுதிய குறிப்பு. புகைப்படம் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தவர் இவர். அரசாங்கமோ மற்றொரு கண்டுபிடிப்பாளரான தாகேருக்கு வாரி வழங்கிவிட்டு இவரைக் கைவிட்டது. மனமுடைந்து நீரில் மூழ்கி மாண்டார். சவக்கிடங்கில் கேட்பாரற்றுக் கிடக்கிறார். முகமும் கைகளும் அழுகத் தொடங்கிவிட்டன என்பது அதன் சாரம். வெயிலில் கறுத்திருந்த முகத்தையும் கைகளையும்தான் அழுகல் என்று எழுதினார். பயார் இறந்தது 1887இல்.

பழைய படமும் அதனடியில் திகைக்கவைக்கும் ஒரு வரலாற்றுச் செய்தியும் என்ற சோடி இன்று வார இதழ்ப் பெட்டிச் செய்திகளிலும் தடித்த படத்தொகுப்பு நூல்களிலும் நிரம்பி வழிகிறது. அதன் மூதாதை பயாரின் படம்தான். தாகேரின் முறையைப் பிரான்ஸ் அரசு அறிவித்துக் கொண்டாடும் முன்பே, 1839 ஜூனில், பயார் தம் படங்களைப் பாரிஸில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்தார். ஆகவே குறிப்பிலுள்ள மனக்குறை உண்மை, பிணம் பொய். இரண்டையும் ஒரே தாளில் ஒட்டியபோது, பொய்யை நம்பவைக்கும் வேலையைச் செய்தது படம். இந்த வகைமையின் வலிமையும் பலவீனமும் அந்த ஒட்டில்தான் இருக்கின்றன.

முதலில் அதற்குரிய நியாயம். அரசர், போர், உடன்படிக்கை என்று நடந்த வரலாற்றெழுத்து கண்டுகொள்ளாத பிழைப்புகளையும் பழக்கங்களையும் இந்தச் சோடி மீட்டுத் தந்திருக்கிறது. கிழக்கு லண்டனில் விடியற்காலையில் தொழிலாளர்களை எழுப்பிவிடுவதையே தொழிலாகக் கொண்டிருந்த மேரி ஸ்மித்தின் படம் நல்ல சான்று. தெருவில் நின்று, நீண்ட ரப்பர் குழாயை வாயில் வைத்து, மேல்மாடி ஜன்னலைக் குறிபார்க்கிறார். குழாய்க்குள் காய்ந்த பட்டாணி. கூலி வாரத்துக்கு ஆறு பென்ஸ். இங்கே படம் வெறும் அலங்காரமாக நிற்கவில்லை. குழாயின் நீளம், தலை அண்ணாந்த கோணம், கீழிருந்து ஜன்னல்வரை உள்ள தூரம் ஆகியவை குறிப்பு சொல்லாத தொழில்நுட்பத்தைச் சொல்லுகின்றன. 1930களின் லண்டனில் அடுக்குமாடி ஜன்னலுக்கு வெளியே தொங்கிய குழந்தைக் கூண்டுகளின் படங்களும் இத்தரத்தவை. குழந்தைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்ற அக்கால மருத்துவ நம்பிக்கை, அமெரிக்காவில் 1922இல் கேட்கப்பட்ட காப்புரிமை, தோட்டமில்லாத வீட்டுத் தாய்மாருக்குக் கூண்டு கொடுத்த செல்ஸீ குழந்தைகள் சங்கம் என்று குறிப்பை விரித்தால், கம்பிக்கும் தெருவுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் குழந்தை ஒரு காலத்தின் அறிவுக்குச் சாட்சியாகிறது. படத்தை எடுத்துவிட்டால் இச்செய்திகள் பாதி உயிரை இழக்கும். இவ்வகைமைக்கு நான் வைக்கும் முதல் அளவுகோல் அதுதான்.

இரண்டாவது அளவுகோல் கடுமையானது. குறிப்பு சொல்வதைப் படம் மறுத்தால், அந்த மறுப்புக்கு இடம் இருக்கிறதா?

பெரும்பான்மையும் தோற்பது இங்கேதான். விக்டோரியா காலத்தார் இறந்தவர்களை இரும்புத் தாங்கியில் நிற்கவைத்துக் குடும்பத்தோடு படமெடுத்தார்கள் என்ற குறிப்பைப் பார்க்காதவர் அரிது. ஆதாரமாகக் காட்டப்படுவது, நிற்பவரின் குதிகாலுக்குப் பின்னே தெரியும் வார்ப்பிரும்பு அடித்தட்டு. அந்தத் தாங்கி உயிருள்ளவர்களுக்காக ஸ்டுடியோக்களில் வைக்கப்பட்டிருந்தது. தகட்டில் ஒளி படிய நொடிக்கணக்கில் ஆன காலத்தில் தலை ஆடாமல் பிடிக்க மேலே ஒரு கவ்வி, அதைத் தாங்க ஒரு மெல்லிய கம்பி; உயிரற்ற உடலின் பாரத்தை அது தாங்காது. கண்கள் வெளிறியிருக்கின்றன, பின்னர் வரைந்தவை என்பார்கள். அன்றைய ரசாயனப் பூச்சு நீலத்துக்கு மட்டுமீறி வினைபுரிந்ததால் நீலக் கண்கள் வெளுத்து விழுந்தன. இறந்தோரைப் படமெடுக்கும் வழக்கம் உண்மையிலேயே இருந்தது. படுக்கையில், சவப்பெட்டியில், தாயின் மடியில், உறங்குவதைப்போல. அந்தப் படங்களில் துக்கம் இருக்கிறது, விநோதம் போதவில்லை. ஆகவே உயிரோடு நின்றவர்களைத் தொகுப்பாளர்கள் பிணமாக்கினார்கள். பொய்ச்சாட்சிக்கு எதிரான தடயம் படத்திலேயே, அந்த அடித்தட்டாகவே கிடந்தது. அதையே சாட்சியமாகத் திருப்பிப் போட்டார்கள்.

சரியான முறை எப்படி இருக்கும் என்பதற்கு ரோஜர் ஃபென்டனின் கிரிமியப் படம் உதவும். 1855 ஏப்ரலில், செவஸ்தபோல் முற்றுகையின்போது, ஒயின் வியாபாரியின் வண்டியொன்றை இருட்டறையாக மாற்றி ஓட்டிச்சென்ற ஃபென்டன், ஒரு வறண்ட பள்ளத்தாக்கை ஒரே இடத்திலிருந்து இருமுறை எடுத்தார். ஒன்றில் பாதையின்மேல் பீரங்கிக் குண்டுகள் சிதறியிருக்கின்றன. மற்றதில் பாதை வெறிச்சோடிக் கிடக்க, குண்டுகள் ஓரத்துக் குழியில் மட்டும் கிடக்கின்றன. குண்டு நிறைந்த படமே புகழ் பெற்றது. கிரிமியப் போரில் பிரிட்டிஷ் இலகு குதிரைப்படை பாய்ந்து மடிந்த பள்ளத்தாக்கு இதுவே என்ற தவறான குறிப்போடு அது இன்றும் வருகிறது. அது வேறு இடம். படையினர் பாதையைச் சுத்தம் செய்தபின் வெறும் பாதை எடுக்கப்பட்டதா, வெறும் பாதையில் குண்டுகளைப் பரப்பிவைத்து இரண்டாவது படம் எடுக்கப்பட்டதா என்பது வழக்கு. விமர்சகர் சூசன் ஸாண்டாக் 2003இல் வந்த நூலில் ஃபென்டன் குண்டுகளைப் பரப்பவைத்தார் என்றே தீர்ப்பளித்தார், சான்றை விரிக்கவில்லை. ஆவணப்பட இயக்குநர் எரல் மாரிஸ் அந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்துக் கிரிமியாவுக்கே போய் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். நிழலின் திசையை அளந்தார்கள், வல்லுநர்கள் ஒத்துப்போகவில்லை. குண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நடுவே டென்னிஸ் பர்செல் என்பவர் சரிவிலிருந்த சிறு கற்களைப் பார்த்தார். குண்டுள்ள படத்தில் அந்தக் கற்கள் சற்றுக் கீழே இருக்கின்றன. மனிதர் காலில் இடறிய கல் சரிவில் கீழேதான் உருளும், மேலே ஏறாது. எனவே வெறும் பாதை முந்தையது.

ஸாண்டாக் சொன்னது சரி. மாரிஸ் செய்தது சரி. திறனாய்வில் நான் இரண்டாமவர் பக்கம். முடிவு எதுவாயினும் அதற்குப் போகும் வழியைத் தந்தவர் அவர். அந்தத் தேடலைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் குறையையும் சொல்லவேண்டும்: கற்களுக்குப் பெயர்சூட்டி விளையாடும் அளவுக்கு நீள்கிறது, நேர்காணல்கள் தேவைக்கு மேல் அடுக்கப்படுகின்றன. ஆயினும் கற்கள் படங்களின் வரிசையை நிறுவுகின்றனவே தவிர, ஃபென்டனின் நோக்கத்தை நிறுவவில்லை என்ற எல்லையை அவர் மறைக்கவில்லை. அந்த எல்லையுணர்வு இருக்கும் இடத்தில் நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அலெக்சாந்தர் கார்ட்னர் இத்தனை நுட்பத்துக்கு இடம் வைக்கவில்லை. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் இறந்துகிடந்த ஒரே வீரனைச் சுமார் 40 கஜம் நகர்த்தி, பாறைகளுக்கிடையில் கிடத்தி, மறைந்திருந்து சுடும் படைஞனுக்கு உரியதல்லாத ஒரு துப்பாக்கியைப் பக்கத்தில் சார்த்தி, இரண்டு இடங்களில் எடுத்த படங்களை 1866இல் தம் நூலில் அடுத்தடுத்து அச்சிட்டார். நவம்பரில் திரும்பிப் போனபோதும் எலும்பும் துப்பாக்கியும் அங்கேயே இருந்தன என்று குறிப்பெழுதினார். பிணங்களை உடனுக்குடன் புதைத்த, நினைவுப்பொருள் பொறுக்குவோர் மொய்த்த களத்தில் அது நடக்கக்கூடியதில்லை. படத்தில் அவர் செய்தது நாடகம். குறிப்பில் செய்தது மோசடி. லக்னோவின் சிகந்தர் பாக்கில் பெலிச்சே பியாட்டோ எடுத்த எலும்புக் காட்சியும் இந்த வரிசையில் வரும். கிளர்ச்சியாளர்களைப் பிரிட்டிஷ் படை அங்கே படுகொலை செய்தது 1857 நவம்பரில், படம் 1858இன் முற்பகுதியில். இடையிலுள்ள மாதங்களைச் சொல்லாத குறிப்பு ஒவ்வொன்றும் பியாட்டோவின் உதவியாளாகவே வேலை செய்கிறது.

நமக்கு நெருங்கிய வழக்குக்கு வருவோம். வற்றிய வயிறும் துருத்திய விலாவுமாய் வரிசையில் அமர்ந்திருக்கும் மனிதர்களின் படம் வாசகர் அறிந்ததே. அடியில் பெரும்பாலும் 1943, வங்காளப் பஞ்சம் என்றிருக்கும். அந்தப் படங்கள் பல 1876–78இல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில், மதராஸ் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்தவை. அறுபத்தைந்து ஆண்டும் நூற்றுக்கணக்கான மைலும் தள்ளிப் போய்விட்டது சாட்சியம். இறந்த லட்சக்கணக்கானோரின் பஞ்சத்தை வேறொரு பஞ்சத்தின் கணக்கில் எழுதுவது சிறு பிழையாகாது. தாது வருஷத்தைத் தமிழில் கும்மிப் பாடல்கள் காத்துவைத்திருக்க, அதே பஞ்சத்தின் படம் ஊர் மாறி அலைகிறது.

படத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். ஆட்கள் விழுந்து கிடந்த இடத்தில் கண்டு எடுத்தவை என்று இவற்றைச் சொல்ல முடியாது. சிலர் பின்னே, சிலர் முன்னே, குழந்தைகள் மடியில் அல்லது காலடியில்: ஸ்டுடியோக் குடும்பப் படத்தின் அடுக்கு. எலும்பு தெரியும்படி உடல்கள் திறந்திருக்கின்றன. கண்கள் லென்ஸைப் பார்க்கின்றன. நிற்கவே வலுவில்லாதவர்களை இப்படி ஒழுங்குபடுத்த யாரோ நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறார். இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள் என்ற பொருளில் ஒரு படத்துக்குத் தலைப்பு. அதே காலத்தில் அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் பஞ்சவேலைக் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசுமாகக் குறைக்க, மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அது உயிர்வாழப் போதாது என்று வாதாடிக்கொண்டிருந்தார். யார் தகுதியானவர் என்பது அன்றைய நிர்வாகத்தின் மையக் கேள்வி. ஹூப்பரின் தலைப்பு அந்தக் கோப்பின் மொழியில் பேசுகிறது. பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி 1878இல் வெளியிட்ட இரண்டு தொகுதி நூலில் இப்படங்கள் செதுக்கோவியங்களாகி, நிர்வாகத்தை விசாரிக்கும் தரப்புக்கும் உதவின. ஒரே படம், இரண்டு வேலை.

ஹூப்பரின் கதை அங்கே முடியவில்லை. 1886இல் மாண்டலேயில் இராணுவக் காவல் தலைமையதிகாரியாக இருந்தபோது, பர்மியக் கைதிகள் சுடப்படுவதை அவர் படமெடுத்தார். தகடு தயாராகும்வரை சுடும் ஆணையை நிறுத்திவைத்தார் என்ற குற்றச்சாட்டு லண்டன் டைம்ஸில் வந்து, பாராளுமன்றம்வரை போய், விசாரணை நடந்தது. பஞ்சப் படத்தைப் போடும் குறிப்புகளில் பத்துக்கு ஒன்றுகூட இந்தப் பெயரைச் சொல்வதில்லை. கேமராவுக்கு முன்னால் இருந்தது பட்டினி. அதன் காரணத்தை வரலாற்று நூல்கள் பேசுகின்றன. கவனிக்கப்படாமல் போன வரலாறு கேமராவுக்குப் பின்னால் சீருடையோடு நின்றது. விநோதம் வேண்டுவோர் அதைத்தான் முதலில் பிடித்திருக்கவேண்டும்.

வண்ணமேற்றுவது பற்றி ஒரு சொல் போதும். 2021இல் கம்போடியாவில் கொல்லப்பட்ட எஸ்-21 சிறைக் கைதிகளின் படங்களை வண்ணமாக்கிய ஒருவர், சில முகங்களில் சிரிப்பையும் சேர்த்துவிட்டார். கம்போடிய அரசு கண்டித்தது, வெளியிட்ட நிறுவனம் படங்களை நீக்கியது. அதற்குப் பிறகும் பழைய படத்துக்கு நிறம் பூசுவதை மறுவாழ்வு என்று பாராட்டுவோரோடு எனக்கு வாதமில்லை.

தீர்ப்பைச் சொல்லிவிடலாம். சேகரிப்பில் இவ்வகைமை தேறுகிறது, விசாரணையில் தேறவில்லை. மேரி ஸ்மித்தின் பட்டாணிக் குழாய்போல் பொருளும் பழக்கமும் பேசுபொருளாகும்போது அது வரலாற்றுக்கு நிகரான தகுதி பெறுகிறது, ஏனெனில் அங்கே படமே முழுச் சான்று. மரணம், போர், பஞ்சம் என்று பொருள் கனக்கக் கனக்க, யார் எடுத்தார், எப்போது, யாருக்காக என்ற மூன்று கேள்விகளும் குறிப்பிலிருந்து நழுவுகின்றன. எங்கே அவை அதிகம் தேவையோ அங்கேதான் அதிகம் நழுவுகின்றன. இந்தத் தலைகீழ் விகிதத்தைத் தற்செயல் என்று ஒதுக்க முடியவில்லை. திகைப்புக்குக் காரணம் கேட்டால் திகைப்பு தணியும் என்ற பதிப்பாளர் கணக்கு அதன் பின்னே இருக்கிறது. ஃபென்டனின் கற்கள் அந்தக் கணக்கைப் பொய்யாக்குகின்றன. குண்டு சிதறிய பாதையைவிட, அது சிதறவைக்கப்பட்ட கதையே வியப்பு மிகுந்தது.

இடமில்லை என்பார்கள். ஹூப்பரின் படத்துக்கு இப்படி எழுதலாம்: சென்னை மாகாணம், தாது வருஷப் பஞ்சம், 1876–78. மதராஸ் குதிரைப்படை அதிகாரி டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் வரிசையில் அமர்த்தி எடுத்தது. அமர்ந்தவர்களின் பெயர்கள் குறிப்பில் இல்லை. அச்சில் மூன்று வரி. 1943 என்று தவறாகப் போடுவதைவிட இரண்டு வரி கூடுதல்.