அறுபது டிகிரி

மௌசர் பக்தர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 1898-ல் பால் மௌசர் முடித்துவைத்த போல்ட்டில் அதற்குப் பிறகு யாரும் பெரிதாக எதையும் கூட்டிவிடவில்லை என்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குக் கிடைத்த .275 ரிக்பியும் அந்த வம்சம்தான். ஆனாலும் மான் வேட்டை நடந்த காலத்து ரைபிள்களை வரிசையாக அடுக்கி, ஒன்றை எடுத்துக்கொள் என்றால், என் கை இச்சாப்பூர் .315-க்குத்தான் போகும்.

காக்களூர் சிட்கோவில் லேத்தோடு காலம் தள்ளியவன் நான். ரைபிளைக் கையில் கொடுத்தால் போல்ட்டைக் கழற்றித்தான் முதலில் பார்ப்பேன். இச்சாப்பூர் .315-ல் இருப்பது ஜேம்ஸ் பாரிஸ் லீயின் போல்ட். அதில் தலை தனி உறுப்பு, திருகி மாட்டுவது. தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி கூடினால் தலையை மட்டும் மாற்றினால் போதும். வேலை தெரிந்தவன் யோசித்த யோசனை அது! கைப்பிடியை அறுபது டிகிரி தூக்கினால் திறந்துகொள்ளும். மௌசருக்குத் தொண்ணூறு வேண்டும். பின்னுக்கு இழுக்கும் தூரமும் குறைவு. கன்னம் கட்டையை விட்டு நகராமலே அடுத்த தோட்டா உள்ளே போய்விடும். முதல் குண்டில் விழாத கடமான் புதருக்குள் பாயும் அந்த இரண்டு நொடியில் இதன் அருமை தெரியும் என்பார் என் பெரியப்பா. 1972-க்கு முன்னால் லைசென்ஸோடு சுட்டவர் அவர்.

எதிர்க்கட்சி சொல்வதும் பொய்யில்லை. போல்ட்டைப் பூட்டும் லக் இரண்டும் பின்னால் இருப்பதால் வெடிக்கும்போது போல்ட் முழுவதும் அமுங்கும், குறி கொஞ்சம் சிதறும். மூடும்போதுதான் ஸ்ப்ரிங் ஏறும், அதனால் கடைசித் தள்ளலில் ஒரு கனம். விளிம்புள்ள தோட்டா வேறு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்காராவிட்டால் மாட்டிக்கொள்ளும். இருக்கட்டும். நம் காட்டில் நானூறு கஜத்துக்கு அப்பால் மானை யார் பார்த்தார்கள்? 244 கிரெயின் ஈயத்துக்கு நூறு கஜம் தாராளம். .303 ராணுவத் தோட்டா, குடிமக்களுக்குக் கிடையாது என்ற கெடுபிடியால் பிறந்த ரைபிளுக்கு இது குறைச்சலா?

1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது சரிதான். நீலகிரியில் 1879-லேயே வேட்டைக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், சுட்டவர்களின் லட்சணம் புரியும். பெரியப்பாவின் ரைபிள் அதன்பின் எண்ணெய் போட்டுத் துடைக்கவும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கவும் என்றானது.

எனக்கு வருத்தம் வேறு. 1964-ல் வின்செஸ்டர்காரர்கள் செலவைக் குறைக்க மாடல் 70-ல் தோட்டாவைக் கவ்வும் மௌசர் வழிக் கொக்கியை எடுத்தபோது அமெரிக்க வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள். இன்றும் பழையதைத் தேடிப்பிடித்துக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். இங்கே ரைபிள் பேசுகிற பையன்களுக்கு ஸ்கோப்பின் பெயர் தெரிகிறது, பிளாஸ்டிக் கட்டையின் நிறம் தெரிகிறது. போல்ட்டை வெளியே எடுத்து விரலால் தடவிப் பார்க்கிறவனைக் காணோம்.

2019 திருத்தத்தில் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்தது இரண்டானது. பழக்கமான ஒருவரிடம் ட்வெல்வ் போர், .22, .315 மூன்றும் இருந்தன. எதை விடலாம் என்று என்னிடம் கேட்டார். .22-ஐ விடுங்கள் என்றேன், காரணமும் விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு .315-ஐக் கொடுத்துவிட்டார். கனமாம்.