முதலில் எகிறியது எது?

2023 ஜூலை 1. நெல்லை மாவட்டம் மகேந்திரகிரியில், மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும் இஸ்ரோவின் புதிய செமி கிரையோஜெனிக் எஞ்சினில், எரியறை நீங்கலான தலைப்பகுதிக்கு முதல் தீச்சோதனை. நாலரை விநாடி ஓட வேண்டும். 1.9 விநாடிவரை கணக்கு பிசகவில்லை. இரண்டாவது விநாடியில் டர்பைன் அழுத்தம் சட்டென்று எகிறியது. அதையடுத்து டர்பைனின் வேகம் விழுந்தது. சோதனையை அங்கேயே நிறுத்தினார்கள். நிறுத்தாவிட்டால் வெடிப்பில் போய் முடியக்கூடிய அறிகுறி இது.

மதுராந்தகம் ஏரிக்கரையில் வளர்ந்தவன் நான். கரை உடைந்தால் பெரியவர்கள் உடைப்பின் அகலத்தைக் கேட்க மாட்டார்கள். முதல் கசிவு எங்கே, நண்டு வளை எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். இங்கும் அதே கேள்விதான்.

பேரிங் இறுகியிருந்தால் வேகம்தான் முதலில் விழுந்திருக்கும். டர்பைன் சுழற்றும் பம்புக்குள் ஆவிக்குமிழ் புகுந்திருந்தால் சுமை குறைந்து டர்பைன் தறிகெட்டு வேகமெடுத்திருக்கும். நடந்தது இரண்டுமில்லை. எரியாமல் தேங்கிய மண்ணெண்ணெய் மொத்தமாகத் தீப்பிடித்துக்கொண்டது என்றால், அது பற்றவைத்த கணத்திலேயே தெரிந்திருக்கும். பற்றவைப்போ சரியாகவே நடந்தது.

ஆகவே என் சந்தேகம் டர்பைனுக்குள் பாயும் சூடான வாயுவின் மேல். இந்த எஞ்சினில் அந்த வாயுவில் ஆக்சிஜன் மிதமிஞ்சி இருக்கும். அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் உலோகமே எரிபொருள் ஆகிவிடும். ஒரு துகள் மோதினாலோ, டர்பைன் இலை உறையில் உரசினாலோ போதும். எரிபொருள் வரத்து திடீரென எகிறியிருக்கவும் வாய்ப்புண்டு. இரண்டில் எது என்பதை அழுத்தமும் வேகமும் காட்டும் வரைபடம் சொல்லாது. டர்பைன் இலைகளில் உருகி உறைந்த மணிகள் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பொருந்திவரும் காரணம் கிடைத்ததும் கோப்பை மூடிவிடக் கூடாது. ஜப்பானின் எப்சிலான் எஸ் ராக்கெட்டின் இரண்டாம் கட்ட மோட்டார், அதே 2023 ஜூலை 14 அன்று நோஷிரோவில், 57ஆவது விநாடி வாக்கில் வெடித்தது. பற்றவைப்பான் உருகித் தெறித்ததே காரணம் என்று கண்டு அதைத் திருத்தினார்கள். 2024 நவம்பர் 26 அன்று தனேகஷிமாவில், 49ஆவது விநாடி வாக்கில் மறுபடியும் வெடித்தது. திட எரிபொருள் மோட்டார்தான், வேறு இனம். ஆனாலும் முதல் விடை முழு விடையாக இருக்கவில்லை.

மகேந்திரகிரி அந்த இரண்டாவது விநாடியை இப்போது தாண்டிவிட்டது. 2025 மார்ச் 28 அன்று 2.5 விநாடி, ஏப்ரல் 24 அன்று 3.5 விநாடி. கோளாறு சரியானதற்கு எந்த வாதத்தையும்விட இது வலுவான சான்று. ஆனால் ஓடியது தலைப்பகுதி மட்டும். 2000 கிலோநியூட்டன் உந்துவிசை தரும் எரியறை அதில் இல்லை. முதல் நாள் குறித்த நாலரை விநாடியையும் இவை இரண்டும் எட்டவில்லை.