எ ஷார்ட் ஹைக்: டவர் கிடைக்காத மலை

'எ ஷார்ட் ஹைக்' கனடாவைச் சேர்ந்த ஆடம் ராபின்சன்-யூ உருவாக்கிய கணினி விளையாட்டு. 2019-ல் வெளிவந்தது. இசை மார்க் ஸ்பார்லிங். பெருநிறுவனங்களைச் சாராத விளையாட்டுகளுக்காக நடத்தப்படும் இன்டிபென்டென்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலில் 2020-ஆம் ஆண்டின் பெரும் பரிசைப் பெற்றது. இதன் பாத்திரங்கள் எல்லாம் மனிதரைப் போல் பேசும் பறவைகளும் விலங்குகளும். இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். மனத்துக்கு இதம் தரும் விளையாட்டுகள் என்ற வகையில் இதை முதல் வரிசையில் வைக்கிறார்கள். அந்த இதம் எங்கிருந்து வருகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கதை

கிளேர் ஓர் இளம் பறவை. ஹாக் பீக் என்னும் மலைப் பூங்காவில் வேலை பார்க்கும் தன் சித்தி மேயிடம் வந்து தங்கியிருக்கிறாள். முக்கியமான தொலைபேசி அழைப்பு ஒன்றுக்காகக் காத்திருக்கிறாள். அங்கே டவர் கிடைப்பதில்லை. மலையுச்சிக்குப் போனால் கிடைக்கும் என்கிறாள் சித்தி. கிளேர் புறப்படுகிறாள். பொன் இறகுகளைச் சேர்க்கச் சேர்க்க அவளால் கூடுதல் உயரம் ஏற முடிகிறது. உச்சியை நெருங்கும்போது குளிரில் இறகுகள் உறைந்துபோகின்றன. உச்சியில் தொலைபேசி ஒலிக்கிறது. பேசுபவர் அம்மா. அவருக்கு நடந்த அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்திருக்கிறது. அந்த அழைப்பு எதற்கானது என்பது விளையாடுபவருக்கு அப்போதுதான் தெரியவருகிறது. பிறகு கிளேர் காற்றில் மிதந்து கீழே இறங்குகிறாள்.

காத்திருப்பும் கைவேலையும்

நம் ஊர்க் கோயில்களின் கல் தளத்திலும் வீட்டுத் திண்ணையிலும் ஆடுபுலி ஆட்டக் கட்டம் செதுக்கியிருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி வெட்ட வேண்டும், ஆடு அடைக்க வேண்டும். விலங்குகளை வைத்து ஆடும் ஆட்டம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது இந்த வேட்டைதான். 'எ ஷார்ட் ஹைக்'கில் எதிரி இல்லை, தோல்வி இல்லை, கடிகாரம் இல்லை. வழியில் தலைப்பட்டையைத் தொலைத்த முயல் நிற்கும். ஓவியர் ஒருவர் வரைய முடியாமல் தவிப்பார். மீன் பிடிக்கலாம், கடற்கரையில் பந்தடிக்கலாம். உச்சிக்கு நேராகப் போகவும் தடையில்லை. ஆனால் பலரும் சுற்றித்தான் போகிறார்கள்.

இந்தச் சுற்றலை நோக்கமற்ற பொழுதுபோக்கு என்று கருதினால் விளையாட்டைத் தவறவிடுவோம். முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்தால் எல்லாம் வேறாகத் தெரிகிறது. கிளேர் மீன் பிடித்ததும் பிறர் பொருளைத் தேடிக்கொடுத்ததும் கவலையைச் சுமந்தபடி செய்த வேலைகள்.

செட்டிநாட்டு வாசகருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் ஆண்கள் கொண்டுவிற்கப் போன காலத்தில், மூன்றாண்டுத் தவணை முடியும்வரை வீட்டில் இருந்தவர்கள் ஆச்சிமார்கள். அவர்கள் கொட்டான் முடைந்தார்கள், வற்றல் போட்டார்கள். கடிதம் வரும்வரை கை ஓய்ந்திருக்கவில்லை. இன்றும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் இங்கே இருக்கிறார்கள். உடம்புக்கு முடியாமல் போனால், எல்லாம் சரியான பிறகே பிள்ளையிடம் சொல்லும் அம்மாக்கள் நம்மிடம் ஏராளம். அந்த அழைப்பின் மறுமுனையில் இருக்கும் பிள்ளையின் கதை என்று இந்த விளையாட்டைச் சொல்லலாம்.

வெண்பாவுடன் ஓர் ஒப்பீடு

அதே பெரும் பரிசை 2024-ல் பெற்றது 'வெண்பா'. டொராண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கி 2023-ல் வெளியிட்ட இவ்விளையாட்டு, 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியே சொல்கிறது. அதில் தாய் வெண்பா, மகன் கவினுக்காக விருந்து சமைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். இரண்டு விளையாட்டுகளும் ஒரே உறவின் இரு முனைகள். வெண்பாவில் கைவேலை இட்லி ஊற்றுவது, இங்கே மலை ஏறுவது. வெண்பா மொழியும் இடமும் பெயரும் தந்து வலியை வெளிப்படையாகப் பேசுகிறது. 'எ ஷார்ட் ஹைக்' பறவை முகத்துக்குப் பின்னால் அதை ஒளித்துவைக்கிறது. கிளேருக்கு ஊரோ இனமோ சொல்லப்படாததால் எவரும் அவளிடத்தில் தன்னை வைத்துக்கொள்ள முடிகிறது.

குறைகள்

பொன் இறகுகள் போதுமான அளவு சேர்ந்ததும் மலை தன் கடினத்தை இழந்துவிடுகிறது. காசும் பெட்டியும் தேடும் ஆசை சில நேரம் கதையை மறக்கடிக்கிறது. வழியில் சந்திப்பவர்களின் துயரங்கள் ஒரு பொருளைக் கொடுத்ததும் தீர்ந்துவிடுகின்றன. வெண்பாவில் சில இழப்புகள் தீர்வதில்லை. அந்தத் துணிச்சல் இதில் குறைவு. அம்மா பிழைத்துக்கொண்டார் என்ற செய்தி வராதிருந்தால் இந்த இதம் நிலைத்திருக்குமா என்ற கேள்விக்கு விளையாட்டில் விடை இல்லை.

மதிப்பீடு

கணினி விளையாட்டு என்றாலே துப்பாக்கி என்று எண்ணிப் பிள்ளைகளைக் கண்டிக்கும் பெற்றோர் இதை ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து பார்க்கலாம். கவலையைப் போக்கும் வழி எதையும் இது கற்பிப்பதில்லை. கவலையோடு இருக்கும் ஒரு பிற்பகலை எப்படிக் கழிப்பது என்று காட்டுகிறது. மலையேறி முடித்ததும் வெளியூரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு போன் போடத் தோன்றும். இதன் வெற்றி அதுதான்.