இறங்கிய சுமையும் இளைப்பாறுதலும்

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையைக் 'கிறிஸ்தவக் கம்பன்' என்று சொல்லிவிட்டு அவரைப் படிக்காமலிருப்பது நம்மிடையே ஒரு சம்பிரதாயம். பட்டம் கொடுப்பது என்பது தமிழில் பெரும்பாலும் புத்தகத்தை மூடிவைக்கிற காரியம்தான். கிறிஸ்தவர்களுக்கு அவர் வீட்டுப் பெருமை. மற்றவர்களுக்கு அடுத்த வீட்டு விவகாரம். 'இரட்சணிய யாத்திரிகம்' கவிதையா, அதில் ஒரு மனிதனின் அனுபவம் இருக்கிறதா என்ற கேள்வியிலிருந்து இரு சாராருமே தப்பித்துக்கொள்கிறார்கள். நம்பிக்கையாளனின் புத்தகத்தை நம்பிக்கை இல்லாதவன் எப்படிப் படிப்பது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தே தப்பிவிடுகிறது.

விவரங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. 1827-ல் திருநெல்வேலிக் கரையிருப்பில் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்தில் ஊறியவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் 'பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்' என்ற ஆங்கில உரைநடை நூலை ஐந்து பருவங்கள் கொண்ட காப்பியமாக்கினார். அது 1894-ல் நூலாயிற்று. 1900-ல் காலமானார்.

பனியனின் நூல் 1678-ல் வந்தது. தகரம், பித்தளை ரிப்பேர் செய்து பிழைத்தவன் எழுதியது. அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு வருஷம் சிறையிலிருந்தவன். கந்தல் உடுத்திய ஒரு ஆள், கையில் ஒரு புத்தகம், முதுகில் ஒரு மூட்டை. மூட்டைதான் பாவம். சிலுவை நிற்கும் மேட்டுக்கு வந்ததும் அது தானாகவே அவிழ்ந்து, உருண்டு, ஒரு கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, மூட்டையை அவன் இறக்கவில்லை, அது இறங்கியது. இரண்டு, இது புத்தகத்தின் முடிவில் நடப்பதில்லை. அதற்கப்புறம்தான் கடினமான மலை, மாயச் சந்தை, சந்தேகக் கோட்டையின் நிலவறை எல்லாம். மன்னிப்புக் கிடைத்தவன்தான் அந்தக் கோட்டையில் தற்கொலையைப் பற்றி யோசிக்கிறான். கடைசியில் மரண ஆற்றில் இறங்குகிறபோது, எப்போதோ விழுந்து மறைந்த அந்தப் பாவங்களின் நினைவே அவனை மூழ்கடிக்கப் பார்க்கிறது. பாவத்திலிருந்து விடுதலை வேறு, இளைப்பாறுதல் வேறு. முதலாவது ஒரு க்ஷணத்தில் நடந்துவிடலாம். இரண்டாவதற்கு முழு வழியும் நடந்தாக வேண்டும். பனியனின் புத்தகம் மத நூல் என்ற எல்லையைத் தாண்டி நிற்பது இதனால்தான்.

கிருஷ்ண பிள்ளையிடம் இது என்ன ஆகிறது?

காப்பியத்துக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. வருணனை வேண்டும், அணிகள் வேண்டும், சோலையும் நதியும் வேண்டும். கந்தலும் மூட்டையுமாக நிற்கிற ஆளைத் தலைவனாக ஏற்றுப் பழகிய வடிவமல்ல அது. விளைவு, பாவம் என்ற சுமை பேசப்படுகிறது, விவரிக்கப்படுகிறது, உவமிக்கப்படுகிறது, ஆனால் கனக்கவில்லை. இத்தனைக்கும் தலைச்சுமை தமிழனுக்குத் தெரியாததல்ல. பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் நட்டவர்கள் நாம். பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்த பெண்ணின் பெயரால், அவள் இறக்காமல் போன பாரத்துக்கு ஈடாக, அதை நட்டோம். இந்த அனுபவம் முழுக்கத் தெருவில் கிடக்க, காப்பியம் அதன் பக்கம் திரும்பவில்லை. கிறிஸ்தவ வீடுகளில் படிக்கப்பட்ட 'மோட்சப் பிரயாணம்' என்ற எளிய உரைநடை, இந்த ஒரு விஷயத்தில், செய்யுளைவிடப் பனியனுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இதோடு நிறுத்திக்கொண்டால் அது பாதி விமர்சனம். பனியனில் இல்லாத ஒன்றைக் கிருஷ்ண பிள்ளை சேர்த்திருக்கிறார். குமார பருவத்தில் கிறிஸ்துவின் பாடுகளை, பிடிபட்டதிலிருந்து சிலுவை வரை, விரிவாகப் பாடுகிறார். பனியனுக்குச் சிலுவை வழியில் நிற்கிற ஒரு அடையாளம். அவனுடைய வாசகனுக்கு அது போதும். கிருஷ்ண பிள்ளைக்கு அது போதவில்லை. அதைச் சுமந்தது யார், எப்படிச் சுமந்தான் என்று அவருக்குப் பார்த்தாக வேண்டியிருக்கிறது. யாத்திரிகனின் முதுகில் கனக்காத சுமை இங்கே இன்னொருவன் தோளில் கனக்கிறது. அலங்காரம் குறைந்து குரல் நேராகிறது. காப்பியத்தின் இடையே வரும் தேவாரங்களிலும் இதே குரல்தான். தத்துவம் போதாமல் ஒரு ஆளைத் தேடுகிற இந்தப் பழக்கம் பனியனிடமிருந்து வந்ததல்ல. வைணவ வீட்டிலிருந்து வந்தது.

இதைச் சொல்லப் பூந்தமல்லி வரை போனால் போதும். ராமானுஜருக்காகத் திருக்கச்சி நம்பிகள் காஞ்சி வரதனிடம் கேட்டுச் சொன்னதாக ஆறு வார்த்தைகள் வைணவ மரபில் உண்டு. நம்பிகள் பூந்தமல்லிக்காரர், பிராமணரல்லாதவர். அவர் சந்நிதி அங்கே இருக்கிறது. அந்த ஆறில் ஒன்று, சரணாகதியே வழி என்பது. இன்னொன்று, சரணடைந்தவனுக்கு அந்திம காலத்தில் நினைவு வேண்டியதில்லை என்பது. மற்றொன்று, உடல் விழும்போது மோட்சம் என்பது. சரணாகதிக்கு வைணவர்கள் வைத்திருக்கும் பெயர்களில் ஒன்று பரந்யாசம். பரம் என்றால் பாரம். நியாசம் என்றால் வைத்துவிடுவது. ஆக, சுமையை ஒருவன் காலடியில் வைத்துவிட்டு, பிறகும் உடம்போடு மிச்ச வழியை நடப்பது என்பது கிருஷ்ண பிள்ளைக்குக் கப்பலில் வந்து சேர்ந்த விஷயமல்ல. பனியனின் யாத்திரிகன் ஆற்றில் மூழ்கப் பார்ப்பது அந்திம நினைவால். வரதன் வேண்டாமென்று தள்ளுபடி செய்தது அதே அந்திம நினைவை. இரண்டு மரபுகளும் நேருக்கு நேர் சந்திக்கிற இடம் அந்த ஆறுதான். நம் விமர்சனம் படிக்க வேண்டியதும் அந்த இடத்தைத்தான். நாமோ கம்பனின் சாயல் எந்தெந்தச் செய்யுளில் என்று கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழில் விடுதலையையும் இளைப்பாறுதலையும் பிரித்துப் பார்த்த இன்னொருவர் புதுமைப்பித்தன். 1943-ல் வந்த 'சாபவிமோசன'த்தில் அகலிகைக்கு விமோசனம் கிடைத்துவிடுகிறது. கிடைக்காதது இளைப்பாறுதல். மன்னித்தவனே சீதையை நெருப்பில் இறங்கச் சொன்னான் என்று கேட்டதும் அவள் மறுபடி கல்லாகிறாள். மன்னிப்பவனின் மீது நம்பிக்கை போன பிறகு மன்னிப்பு செல்லாக் காசு. கிருஷ்ண பிள்ளையின் காப்பியத்துக்குத் தெரிந்தோ தெரியாமலோ எழுதப்பட்ட எதிர்வாதம் இது என்றே சொல்வேன். அவர் பாடுகளை அத்தனை விரிவாகப் பாட வேண்டியிருந்ததற்கும் காரணம் இங்கே விளங்குகிறது. மன்னிப்பவன் தானே நெருப்பில் இறங்கியவன் என்று காட்டாமல் அவரால் மேலே போக முடியாது.

இளைப்பாறுதல் என்ற சொல்லையே பாருங்கள். இளைப்பு ஆறுவது. மூச்சு வாங்க நடந்தவனுக்குத்தான் அது உண்டு. ஓய்வு, வீடு என்ற சொற்களில் இந்த மூச்சிரைப்பு இல்லை. தமிழ் விவிலியம் இந்தச் சொல்லை எடுத்தாண்டதில் ஒரு கவிஞனின் காது இருக்கிறது. பாவம் என்ற சொல்லும் அப்படித்தான். குற்றத்துக்கும் அதே சொல், 'ஐயோ பாவம்' என்ற இரக்கத்துக்கும் அதே சொல்.

நம் கதைகளிலும் புதுக்கவிதையிலும் குற்ற உணர்வு ஏராளம். ஆனால் அது யாரிடமும் இறக்கிவைக்க முடியாத, பல சமயம் இறக்கிவைக்க மனமில்லாத குற்ற உணர்வு. அதைச் சுமப்பதே ஒரு அந்தஸ்தாகிவிட்டது. மறுபக்கம் பக்தி எழுத்து, சுமை இறங்கிவிட்டதென்று முதல் வரியிலேயே அறிவித்துவிடுகிறது. அது என்ன சுமை, எவ்வளவு கனம் என்று சொல்வதில்லை. கிருஷ்ண பிள்ளையின் வெற்றியும் தோல்வியும் இந்த இரண்டு பேருக்குமே வேண்டியவை. கனத்தைக் காட்டாத இடத்தில் அவர் வித்வான். கனத்தை இன்னொருவன் தோளில் கண்டு பதறுகிற இடத்தில் கவி. அந்தப் பதற்றத்தைப் படிக்க ஞானஸ்நானம் வேண்டியதில்லை.