வாக்களியாதோர் யார்? வாக்களிப்பு வீதம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

தேர்தலொன்று முடிந்த மறுநாள், வெற்றி தோல்விகளுக்கு அடுத்தபடியாக நம் நாட்டிற் பெரிதும் பேசப்படுவது வாக்களிப்பு வீதமாகும். 2024 செப்ரெம்பரில் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில் 79.46 சதவீதமானோர் வாக்களித்தனர். இரு மாதங்கள் முற்றாகக் கழியுமுன் நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில் அவ்வீதம் 68.93 ஆகக் குறைந்தது. இத்தகைய வீழ்ச்சி நேரும்போதெல்லாம் மக்கள் சலிப்படைந்துவிட்டனர், குடியியற் பொறுப்பை மறந்துவிட்டனர் என்று தீர்ப்புக் கூறுவது வழக்கமாகிவிட்டது. வீதம் உயரும்போது அதே மக்கள் 'அரசியல் விழிப்புணர்வு மிக்கோர்' எனப் பாராட்டப்படுகின்றனர்.

வாக்களிப்பு வீதம் என்பது அடிப்படையில் ஒரு பின்னமே. அதன் மேற்பகுதி வாக்களித்தோர் தொகை. கீழ்ப்பகுதி வாக்காளர் இடாப்பிற் பதியப்பட்டோர் தொகை. வாக்களியாதோர் என நாம் குறிப்பிடுவது இவ்விரு தொகைகளுக்கும் இடைப்பட்ட வித்தியாசத்தையே. அவ்வித்தியாசத்துள் அடங்குவோர் எத்தகையோர், எக்காரணத்தால் அடங்கினர் என்பவற்றை அவ்வெண் கூறுவதில்லை. கூறாத ஒன்றைக் கூறியதாகக் கொண்டு மக்கள்மீது குற்றஞ் சுமத்தும் போக்கினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாதாரண குடிமகன் ஏன் வாக்களிக்கின்றான் என்ற வினாவுக்கு மேலைத்தேய அரசறிவியலில் அதிகம் எடுத்தாளப்படும் விடை, அந்தனி டௌன்ஸ் என்பவர் 1957 இல் வெளியிட்ட நூலில் முன்வைத்ததாகும். சந்தையிற் பொருள் வாங்குவோன் இலாப நட்டம் பார்ப்பதுபோலவே வாக்காளனும் பார்க்கின்றான் என்பது அவர் கொள்கை. வாக்களிப்பதற்கு நேரமும் செலவும் உண்டு. இலட்சக்கணக்கானோர் வாக்களிக்கும் தேர்தலில் ஒருவனுடைய தனிவாக்கு முடிவை மாற்றும் வாய்ப்போ அற்பமானது. ஆகவே கணக்குப் பார்க்கும் மனிதன் வீட்டில் இருந்துவிடவே வேண்டும். ஆயினும் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் வாக்களிக்கின்றனர். இம்முரண்பாட்டைத் தீர்க்க முயன்ற றைக்கர், ஓடெஷூக் ஆகிய இருவரும் 1968 இல் இக்கணக்கிற் 'கடமையுணர்வு' என்ற மேலுமோர் உறுப்பைச் சேர்த்தனர். வாக்களிப்பதனாற் கிடைக்கும் மனநிறைவே செலவை ஈடுசெய்கிறது என்றனர்.

இக்கொள்கையை முற்றாகத் தள்ளிவிடுதல் நியாயமாகாது. 2024 இன் இரு தேர்தல்களும் ஒரே இடாப்பின் அடிப்படையில் நடைபெற்றவை. எனவே இரண்டாவது தேர்தலில் நேர்ந்த வீழ்ச்சிக்கு இடாப்பைக் காரணங்காட்ட இயலாது. செப்ரெம்பரில் ஊருக்குச் சென்று வாக்களித்துத் திரும்பிய தொழிலாளி, நவம்பரில் மீண்டுமொருமுறை பேருந்துக் கட்டணமும் ஓரிரு நாட் கூலியும் இழக்கத் தயங்கியிருப்பான் என்றும், முடிவு முன்னரே தெரிந்துவிட்டதாகப் பலர் எண்ணியிருப்பர் என்றும் கருத இடமுண்டு. இங்கே டௌன்ஸின் கணக்குப் பயன்படுகிறது. ஆனால் அக்கணக்கு ஒன்றை ஐயத்துக்கு இடமின்றி ஏற்றுக்கொண்டே தொடங்குகின்றது. வாக்களிப்பதா, விடுவதா என்பதை ஒவ்வொருவனும் தானே தீர்மானிக்கின்றான் என்பதே அது. நமது நாட்டின் வரலாறு இவ்வெடுகோளையே கேள்விக்குள்ளாக்குகின்றது.

டொனமூர்த் திட்டத்தின்கீழ் 1931 இல் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் இங்கு வாக்குரிமை வழங்கப்பட்டது. இங்கிலாந்திற் பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமையைப் பெற்று அப்போது மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. அதுவரை சனத்தொகையில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரிடமே இருந்த உரிமை, ஒரே நாளிற் குடியானவன் கைக்கும் வந்து சேர்ந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர்கள் இதனை எதிர்த்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆயின் அவ்வாண்டின் அரசாங்க சபைத் தேர்தலில் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் வாக்களிக்கவில்லை. டொனமூர்த் திட்டம் பூரண சுயாட்சியைத் தரவில்லையென யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைப்பு விடுத்தது. வடபகுதியின் நான்கு தொகுதிகளில் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. 1934 இல் இடைத்தேர்தல் நடைபெறும்வரை அவ்வாசனங்கள் வெறுமையாயிருந்தன.

இப்பகிஷ்கரிப்பின் இலட்சியத் தூய்மையைப் பலர் எழுதியுள்ளனர். அதன் அரசியல் விளைவுகளைக் கண்டித்தோரும் உளர். இருசாராரும் எழுப்பாத வினாவொன்று உண்டு. முதன்முதலாக வாக்குரிமை பெற்ற அக்குடாநாட்டுக் கமக்காரனும் கூலித் தொழிலாளியும் அவர்தம் மனைவியரும் என்ன விரும்பினர்? வேட்பாளர் இல்லாமையால் அவர்களுக்கு வாக்குச்சீட்டே கிடைக்கவில்லை. படித்தோர் கூடி எடுத்த முடிவு அவர்களுடைய முடிவாக வரலாற்றிற் பதிவாகியது. அத்தேர்தலில் அவர்கள் வாக்களிக்க மறுத்தோர் அல்லர். வாக்கு மறுக்கப்பட்டோர் என்பதே பொருத்தம். இலட்சியம் நல்லதாயிருந்தமை இவ்வுண்மையை மாற்றாது.

பிற்காலத்தில் இதே நிலை வன்முறையின் நிழலில் மீண்டும் தோன்றியது. 1988 இன் சனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதிலும் 55.32 சதவீதத்தினரே வாக்களித்தனர். தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு ஜே.வி.பி. விடுத்த அச்சுறுத்தல் நிலவிய மாத்தறை, மொனராகலை போன்ற தென்னிலங்கை மாவட்டங்களில் மூன்றில் ஒரு பங்கினரேனும் வாக்களிக்கவில்லை. 2005 இல் நிலைமை வடக்கிற்கு மாறியது. அச்சனாதிபதித் தேர்தலில் தமிழ் மக்களுக்கு அக்கறையில்லையென விடுதலைப் புலிகள் அறிவித்திருந்த நிலையில், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திற் பதியப்பட்டிருந்த சுமார் 7 இலட்சம் வாக்காளருள் 8,524 பேரே வாக்களித்தனர், அதாவது 1.21 சதவீதத்தினர். நாடளாவிய ரீதியில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த வித்தியாசமோ 180,786 வாக்குகள் மட்டுமே. தனிவாக்கின் பெறுமதி அற்பமென்று கணக்கிடும் கொள்கை, கூட்டாக வாக்கற்றுப் போனவர்களின் நிலையைக் கணிக்க வழியற்று நிற்கின்றது.

அந்த 1.21 சதவீதம் இருவிதமாக வாசிக்கப்பட்டு வந்துள்ளது. ஒருசாரார் அதனை ஓர் இனத்தின் ஏகோபித்த அரசியற் பிரகடனமாகக் கொண்டனர். மறுசாரார் அதனை முழுமையான அச்சத்தின் அளவாகக் கொண்டனர். மனமார மறுத்தோரும் அஞ்சி ஒதுங்கியோரும் அதே எண்ணுள் ஒன்றாய் உறைந்துள்ளனர். அச்சுறுத்தல் இருந்த இடத்தில், விரும்பி மறுத்தவனுடைய மறுப்புக்கூட அதன் பெறுமதியை இழந்துவிடுகின்றது. வாக்களிக்கும் சுதந்திரம் இருக்கும் இடத்திலேதான் வாக்களியாமையும் ஒரு கருத்தாக அமையும். மறுக்கும் உரிமையை மதிப்போர் முதலிற் காக்க வேண்டியது வாக்களிக்கும் உரிமையையே.

இதுவரை நோக்கியோர் இடாப்பிற் பெயருள்ளோர். இடாப்பிலிருந்தே நீக்கப்பட்டோரின் நிலை இதனினும் கொடியது. 1947 இன் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 இன் பாராளுமன்றத் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1952 இல் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. இவ்வநீதி பற்றிப் பலரும் அறிவர். ஆனால் வாக்களிப்பு வீதம் பற்றிய ஆய்வில் இதனால் நேர்ந்த விசித்திரத்தைக் கவனித்தோர் குறைவு. இடாப்பிற் பெயரில்லாத தொழிலாளி வாக்களிக்கவில்லையென எந்தப் புள்ளிவிபரமும் கூறாது. அவன் பின்னத்தின் மேற்பகுதியிலும் இல்லை; கீழ்ப்பகுதியிலும் இல்லை. இலட்சக்கணக்கானோர் வாக்கிழந்த பின்னரும் வாக்களிப்பு வீதம் சிறிதும் குறையாது காட்சியளிக்கக்கூடும். 1988 இலும் 2003 இலும் நிறைவேற்றப்பட்ட சட்டங்கள் வரை நீடித்த இக்குறையை, எந்தத் தேர்தல் முடிவும் ஓர் எண்ணாலேனும் சுட்டியதில்லை.

இதற்கு நேர்மாறான தோற்றமும் உண்டு. 2010 இன் சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 25.66 சதவீதத்தினர் வாக்களித்தனர். 2015 இல் அது 66.28 சதவீதமாக உயர்ந்தது. ஐந்தாண்டுகளில் மக்கள் இரண்டரை மடங்கு ஆர்வங் கொண்டனர் என்று எழுதுவது எளிது. ஆனால் 2010 இல் அங்கு 721,359 பெயர்கள் பதியப்பட்டிருந்தன. 2015 இல் 529,239 பெயர்களே இருந்தன. இடம்பெயர்ந்தோரும் கடல்கடந்தோரும் இறந்தோருமாக ஊரில் இல்லாத பலரின் பெயர்கள் இடையில் நீக்கப்பட்டன. அளிக்கப்பட்ட வாக்குகளை மட்டும் எடுத்து நோக்கின், அவை சுமார் 185,000 இலிருந்து 351,000 ஆகவே, அதாவது இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே, அதிகரித்துள்ளன. முன்னைய ஆண்டில் 'அக்கறையற்றோர்' எனக் கணிக்கப்பட்டோருட் பலர் உண்மையில் ஊரிலேயே இல்லாதோர். அவர்களை அகற்றியதன் விலையும் சிறிதன்று. பதியப்பட்டோர் தொகையின்படியே ஆசனங்கள் பங்கிடப்படுவதால், 2010 இல் 9 ஆக இருந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் பாராளுமன்ற ஆசனங்கள் 2015 இல் 7 ஆகவும் 2024 இல் 6 ஆகவும் குறைந்தன.

அவ்வாறாயின், உண்மையான அக்கறையின்மை என ஒன்று இல்லையோ எனக் கேட்கலாம். உண்டு. ஆனால் அது தானாகத் தோன்றுவதன்று. 1956 தொடக்கம் 1977 வரை நடைபெற்ற ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் ஆட்சியிலிருந்தோர் தோற்கடிக்கப்பட்டனர். தம் வாக்கு ஓர் அரசாங்கத்தை வீழ்த்தும் என்பதைச் சாதாரண மக்கள் கண்ணாரக் கண்டனர். அரிசியின் விலையும் பிள்ளையின் படிப்பும் வாக்குப் பெட்டியோடு தொடர்புடையன என்பதை அனுபவத்தில் உணர்ந்தனர். 1977 இல் வாக்களிப்பு 86 சதவீதத்தைத் தாண்டியமை இவ்வனுபவத்தின் விளைவேயாகும். றைக்கரும் ஓடெஷூக்கும் தனிமனித உள்ளத்திலே தேடிய 'கடமையுணர்வு', இங்கு பயன்கண்ட மக்களின் பழக்கமாக வளர்ந்தது. பின்னர் 1982 டிசெம்பரில் நடத்தப்பட்ட சர்வசன வாக்கெடுப்பு, பொதுத்தேர்தலின்றியே பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டுகள் நீடித்தது. மக்கள் அடுத்த பாராளுமன்றத்தைத் தெரிவுசெய்ய 1989 வரை காத்திருக்க நேர்ந்தது.

அப்போக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. பல ஆண்டுகள் கழிந்தும் புதிய சபை தெரிவு செய்யப்படவில்லை. 2013 இல் அச்சபைக்கான முதலாவது தேர்தலில் வாக்காளருள் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்திருந்தனர் என்பதை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். 2023 மார்ச்சில் நடைபெறவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் நிதியில்லையென்ற காரணத்தாற் பின்போடப்பட்டது. இதனால் அடிப்படை உரிமை மீறப்பட்டதென 2024 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே மாதத்திலேயே அத்தேர்தல் நடந்தது. மக்கள் வாக்களிக்கவில்லையெனக் குறைகூறும் அரசுகள், தாம் வாக்குக் கேளாதிருந்த ஆண்டுகளுக்கும் ஒரு வீதம் கணித்துக் காட்டுதல் தகும்.

செலவு என்னும் தடையும் வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபடுகின்றது. அரசாங்க உத்தியோகத்தருக்குத் தபால்மூல வாக்கு உண்டு. கட்டுநாயக்காவில் ஆடை தைக்கும் மொனராகலைப் பெண்ணுக்கும், கொழும்புக் கடையில் வேலைசெய்யும் ஹற்றன் இளைஞனுக்கும் அஃதில்லை. விடுமுறை பெறும் உரிமை அவர்களுக்குச் சட்டத்தில் இருந்தாலும், பயணச் செலவைச் சட்டம் தருவதில்லை. மத்திய கிழக்கில் உழைத்து நாட்டின் அந்நியச் செலாவணியைத் தேடித்தருவோருக்கு 2024 இன் தேர்தல்களில் அங்கிருந்து வாக்களிக்க எவ்வித வழியும் இருக்கவில்லை. இவர்கள் எல்லோரும் வீதக் கணக்கில், வீட்டுத் திண்ணையிற் சாய்ந்திருந்து வாக்களியாத வசதிபடைத்தவனோடு ஒன்றாகவே எண்ணப்படுகின்றனர்.

எனவே வாக்களியாமையை ஆராய்வோர் முதலில் மூன்று வகையினரைப் பிரித்தறிதல் வேண்டும்: வாக்களிக்க இயலாதோர், வாக்களிக்க விடப்படாதோர், வாக்களிக்க விரும்பாதோர். முதலாம் வகையினருக்குத் தேவையானவை முன்கூட்டிய வாக்களிப்பும் பணியிடத்திலிருந்து வாக்களிக்கும் வசதியும். இரண்டாம் வகையினருக்குத் தேவையானவை அச்சமற்ற சூழலும் உரிய காலத்தில் நடைபெறும் தேர்தலும். இவ்விரு கடன்களையும் அரசு செலுத்திய பின்னரே மூன்றாம் வகையினரின் உண்மைத் தொகை வெளிப்படும். அப்போது அவர்களை நோக்கிக் கடமையைப் போதிப்பதா, அவர்களுடைய மறுப்பிலுள்ள நியாயத்துக்குச் செவிசாய்ப்பதா என்பதை ஆராயலாம். அதுவரை, குறைந்த வீதத்தைக் காட்டி மக்களைப் பழிப்பது, வழியை அடைத்துவிட்டு வரவில்லையே என்று குறைபட்டுக்கொள்வதற்கே ஒப்பாகும்.