வல்லவன் என்று சொல்லிக்கொள்ளலாமா? கோலாலம்பூர்த் தமிழ் ராப்பும் நன்னூலும்



தமிழ் ராப் பற்றி வகுப்பில் பேச்செடுத்தால் ஒரு குறை உடனே வரும்: "எல்லாம் சுயதம்பட்டம் சார், நான்தான் பெரிய ஆளுன்னு கத்துறாங்க." அடக்கமுடைமை அதிகாரம் படிக்கிற மாணவர் இப்படிச் சொல்வது நியாயம்தான். ஆனால் நம் இலக்கணம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்களேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. யோகி பி இருந்த பொயட்டிக் அம்மோ குழு 1998இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அதில் ஆங்கிலமே முன்னே நின்றது. தமிழ் ஓரமாக வந்தது. எட்டு ஆண்டு கழித்து, 2006இல், யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 'வல்லவன்' ஆல்பத்தைத் தந்தார்கள். இதில் தமிழ் நடுவுக்கு வந்துவிட்டது. தலைப்பே தற்புகழ்ச்சி!

இப்போது நன்னூலுக்கு வருவோம். தன்னைத்தானே புகழ்வது குற்றம் என்றாலும், புலவனுக்கு நான்கு இடங்களில் அது தகும் என்கிறார் பவணந்தி முனிவர்: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில், அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது.

இரண்டாவது இடத்தைக் கவனியுங்கள். தமிழில் ராப் பாட முடியுமா என்று கேட்ட ஊரில் மைக் பிடித்த பையன்கள் நின்றது அந்த இடத்தில்தானே? மூன்றாவதும் நான்காவதும் ராப் போட்டிக்கு அப்படியே பொருந்தும்.

ஆல்பத்தில் பெயர் வாங்கிய பாட்டு 'மடை திறந்து'. 'நிழல்கள்' (1980) படத்தில் வாலி எழுதி, இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடியதன் மறுவடிவம் அது. மூலப்பாட்டும் வாய்ப்புத் தேடி அலையும் ஓர் இசைக்கலைஞனின் தன்னம்பிக்கைதான். ஆக, பொருத்தம் பார்த்தே பாட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

குறையே இல்லையா? உண்டு. வாலியின் பாட்டில் பெருமைக்குப் பின்னால் ஒருவனுடைய ஏக்கம் தெரிகிறது. ராப் பகுதிகளில் சில இடங்களில் பெருமை மட்டும் ஒலிக்கிறது. யாரிடம், எதற்காகச் சொல்கிறார்கள் என்பது தெரியவில்லை. கலந்து வரும் ஆங்கிலத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. சூழல் இல்லாத தற்புகழ்ச்சி நன்னூலின் நான்கு இடத்திலும் அடங்காது.

மாணவர்களே, ஒரு பயிற்சி. உங்களுக்குப் பிடித்த ராப் பாட்டு ஒன்றை எடுங்கள். அதன் தற்புகழ்ச்சி நான்கில் எந்த இடத்தைச் சேரும்? சான்றுகாட்டி ஒரு பத்தி எழுதுங்கள். எதிலும் சேராவிட்டால் அதையும் துணிந்து எழுதுங்கள். திறனாய்வு என்பது அதுதான்.

ஆசிரியர்களுக்கு ஒன்று: "இது தமிழே இல்லை" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கினால், அந்தப் பாட்டை நேசிக்கிற பிள்ளை நன்னூலையும் சேர்த்தே ஒதுக்கிவிடும். இரண்டையும் ஒரே மேசையில் வையுங்கள்.