தாளில் ஓடிய மைல்கள்

காலன் பெட்ரோலுக்கு 15 மைல் ஓடும் பெரிய எஸ்.யூ.வி. ஒன்று, அன்றைய அமெரிக்க அரசின் கணக்கில் 25 மைல் வண்டியாகிவிட்டது. எப்படி என்கிறீர்களா?

85 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருளிலும் ஓடக்கூடியதாக இருந்தாலே போதுமாக இருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் அக்கலவையின் ஒரு காலனில் 0.15 காலனை மட்டுமே எண்ணியது. பாதி ஓட்டம் அதில்தான் என்றும் வைத்துக்கொண்டது. எத்தனாலின் ஆற்றலோ, லிட்டருக்கு லிட்டர், பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கே. எனவே கலவையில் வண்டி சுமார் 11 மைல் ஓடும். அதை 0.15ஆல் வகுத்தால் 73! 15க்கும் 73க்கும் இசைச் சராசரி கண்டு பாருங்கள். மாணவர் இப்படி எழுதினால் நான் மதிப்பெண் தரமாட்டேன்.

வண்டிகள் பெருகினால் எத்தனால் நிலையங்களும் பெருகும் என்ற நோக்கம் நல்லதே. ஆனால் பெரும்பாலோர் பெட்ரோலையே ஊற்றினர். சலுகையால் நிறுவனத்தின் சராசரி 1.2 மைல் வரை உயர முடிந்தது. அந்த அளவுக்குக் கனத்த வண்டிகளை விற்க இடம் கிடைத்தது. 2014க்குப் பிறகே அவ்வரம்பை ஆண்டுதோறும் குறைத்தனர்.